நெருக்கடி நேரத்தில் தன்னைத் தானே நடத்துவது: பட்டறைக்காரர் ஒருவரின் நோட்டிலிருந்து முழுமையான வழிகாட்டி

2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. மாலை ஆறு மணியிலிருந்து தமிழ்நாட்டில் 144 தடை உத்தரவு என்று முன்னமே அறிவித்திருந்ததால் பட்டறையை மதியமே பூட்டிவிட்டோம். இரவு எட்டு மணிக்குப் பிரதமர் டிவியில் வந்து, நள்ளிரவு முதல் 21 நாள் நாடு முழுக்க ஊரடங்கு என்றார். கோவை கணபதியில் எனக்கு ஐந்து லேத் (கடைசல் மெஷின்), ஒரு மில்லிங் மெஷின், பதினொரு ஆட்கள். பம்ப் கம்பெனிகளுக்கு ஷாஃப்டும் புஷ்ஷும் கடைந்து கொடுக்கும் ஜாப் ஒர்க். டிவியை அணைத்ததும் கை தானாகப் போனைத் தேடியது. யாரைக் கூப்பிடப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த மனைவி கேட்டாள்: "இந்தத் தடவையாவது என்ன நெலமைன்னு எங்ககிட்டச் சொல்லிருவீங்களா?"

அந்த 'இந்தத் தடவையாவது'க்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. 2016 நவம்பர் 8 இரவு 500, 1,000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த பிறகு, எங்கள் பகுதியில் சனிக்கிழமைச் சம்பளத்துக்குத் திண்டாடாத பட்டறை இல்லை. கரண்ட் அக்கவுண்டிலிருந்து வாரத்துக்கு 50,000 ரூபாய்தான் எடுக்கலாம் என்று இருந்தது. எனக்கு அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று கூடவே வந்தது. என் வேலையில் முக்கால் பங்கைத் தந்துகொண்டிருந்த ஒரு கம்பெனி அதே மாதம் ஆர்டரை நிறுத்திவிட்டது. பழைய பில்லுக்கும் பணம் வரவில்லை. நவம்பர் 19, சனிக்கிழமை, ஆட்களைக் கூட்டி வைத்து, "பணமெல்லாம் இருக்குது, பேங்க்லதான் தரமாட்டேங்கறாங்க" என்றேன். ஊருக்கே வந்த கஷ்டத்துக்குப் பின்னால் என் கஷ்டத்தை ஒளித்துவைத்தேன். வீட்டிலும் அதையேதான் சொன்னேன். டிசம்பர் கடைசியில் அந்தக் கம்பெனியின் வேன் டிரைவர் டீக்கடையில் பேச்சுவாக்கில் விஷயத்தைச் சொல்லிவிட்டார். பொங்கலுக்குள் லேத் ஓட்டும் மூன்று டர்னர்கள் வேறு பட்டறைக்குப் போய்விட்டார்கள். சம்பளம் தாமதமானதற்காக யாரும் போகவில்லை.

2020-ல் அதே ஆள் வேறு மாதிரி நடந்துகொள்ள முடிந்ததற்கு ஒரு நோட்டுதான் காரணம். அந்த நோட்டில் என்ன எழுதினேன், எப்படி எழுதினேன், எங்கே சறுக்கினேன் என்பதைத்தான் இங்கே படிப்படியாக வைக்கிறேன். ஐந்து பேர் முதல் ஐம்பது பேர் வரை தன்னை நம்பி இருக்கிறார்கள் என்ற நிலையில் இருப்பவருக்கு இது நேரடியாகப் பொருந்தும். குடும்பத்தை நடத்துபவரோ விடுதி வார்டனோ தம் நிலைக்கு ஏற்ப மாற்றி எடுத்துக்கொள்ளலாம்.

வேண்டியது ஒரு லாங் சைஸ் கோடு போட்ட நோட்டும் பேனாவும். போனில் எழுத வேண்டாம். எழுத எடுத்த போனில் மச்சான் அனுப்பிய வீடியோதான் முதலில் திறக்கும்.

முதல் படி: யாரையும் கூப்பிடுவதற்கு முன் மூன்று பத்தி

தீ, வெள்ளம், விபத்து என்று உயிருக்கு ஆபத்து இருந்தால் இந்தப் படியைத் தாண்டிவிடுங்கள். மெயின் சுவிட்சை அணைப்பது, ஆளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது போன்றவற்றுக்கு நோட்டு தேவையில்லை. ஆனால் நமக்கு வரும் நெருக்கடிகளில் பெரும்பாலானவை இரண்டு மணி நேரம் பொறுக்கக்கூடியவை. பொறுக்காதது நம் மனசுதான்.

ஒரு பக்கத்தில் இரண்டு கோடு கிழித்து மூன்று பத்தியாகப் பிரியுங்கள். முதல் பத்திக்குத் தலைப்பு 'நடந்தது'. இரண்டாவதற்கு 'நான் நினைப்பது'. மூன்றாவதற்கு 'நான் பயப்படுவது'. அன்றிரவு நான் எழுதியது இப்படி இருந்தது. நடந்தது: 21 நாள் மூடல், பட்டறை பூட்டு. நான் நினைப்பது: ஏப்ரல் 15 திறந்துவிடுவார்கள், கம்பெனிகள் விட்ட இடத்திலிருந்து ஆர்டர் தரும். நான் பயப்படுவது: ஆட்கள் போய்விடுவார்கள், 2016 மாதிரி மறுபடியும் அசிங்கப்படுவேன்.

இதில் எது எந்தப் பத்தி என்பதில்தான் வேலையே இருக்கிறது. 'ஏப்ரல் 15 திறந்துவிடுவார்கள்' என்பதைப் பேனா முதலில் 'நடந்தது' பத்தியில்தான் எழுதப்போனது. அதைப் பிடித்து இந்தப் பக்கம் தள்ளியதால் பிழைத்தேன். ஊரடங்கு மே 3, மே 17, மே 31 என்று நீண்டுகொண்டே போனபோது என் நினைப்பு பொய்த்ததே தவிர, நான் போட்ட கணக்கு பொய்க்கவில்லை.

மூன்றாவது பத்தியை யாருக்கும் காட்ட வேண்டாம். அதனால் அங்கே பொய் எழுதவும் தேவையில்லை. 'அசிங்கப்படுவேன்' என்று எழுதிப் பார்த்த பிறகுதான் புரிந்தது: 2016-ல் நான் காப்பாற்ற நினைத்தது பட்டறையை இல்லை, என் முகத்தை.

இரண்டாம் படி: 'ஆயிருச்சு' என்பதைச் 'செஞ்சேன்' என்று மாற்றி எழுதுவது

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

1944 ஜூன் 5, இரண்டாம் உலகப் போர். மறுநாள் நார்மண்டிக் கடற்கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கப்போகின்றன. தலைமைத் தளபதி ஐசன்ஹோவர், தரையிறக்கம் தோற்றுப்போனால் வெளியிடுவதற்காக ஒரு சின்னக் குறிப்பைப் பென்சிலால் எழுதிப் பர்ஸில் வைத்துக்கொண்டார். தேதியை ஜூலை 5 என்று தவறாகப் போட்டிருக்கிறார்; அந்த அளவுக்கு மனம் கலங்கியிருந்தது என்று நான் எடுத்துக்கொள்கிறேன். தரையிறக்கம் வெற்றி பெற்றதால் அந்தக் குறிப்புக்கு வேலை வரவில்லை. பிறகு அது அவருடைய உதவியாளர் கைக்குப் போய் இன்று ஆவணமாக இருக்கிறது. அதில் ஓர் அடித்தல் உண்டு. 'படைகள் திரும்பப் பெறப்பட்டன' என்ற பொருளில் முதலில் எழுதியதை அடித்துவிட்டு, 'நான் படைகளைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்' என்று மாற்றியிருக்கிறார். பழியோ தவறோ இருந்தால் அது என்னுடையது மட்டுமே என்று முடித்து, அந்தக் கடைசிச் சொற்களின் கீழ் கோடும் போட்டிருக்கிறார்.

நம் பேச்சில் இந்த அடித்தல் இன்னும் அவசியம். ஏனென்றால் செய்தவனை மறைப்பதற்குத் தமிழில் நல்ல வசதி இருக்கிறது. 'உடைச்சேன்' என்பதற்குப் பக்கத்திலேயே 'உடைஞ்சிருச்சு' தயாராக நிற்கிறது. பணம் மாட்டிக்கிச்சு, டெலிவரி லேட் ஆயிருச்சு, பேச்சு முத்திருச்சு, ஆளு போயிட்டான். எல்லாம் தானாகவே நடந்த மாதிரி இருக்கும். என் பட்டறையில் பையன் ஒருவன் டூலை முறித்துவிட்டு "டூலு முறிஞ்சிருச்சுங்கண்ணா" என்று வந்தால் எனக்குக் கோபம் வரும். அதே நான் பேங்க் மேனேஜரிடம் "பேமென்ட் நின்னுருச்சுங்க சார்" என்பேன்.

செய்ய வேண்டியது இதுதான். என்ன நடந்தது என்று பத்து வரி எழுதுங்கள். அதில் 'ஆச்சு', 'போச்சு', 'நின்னுருச்சு' என்று முடியும் வரிகளைச் சுழியுங்கள். ஒவ்வொன்றையும் 'நான்' என்று தொடங்கி மறுபடி எழுத முடிகிறதா என்று பாருங்கள். 2016 பற்றி எழுதிவைத்திருந்த 'கம்பெனி ஏமாத்திருச்சு' என்ற வரி, திருத்திய பிறகு இப்படி ஆனது:

நான் முக்கால் பங்கு வேலையை ஒரே இடத்தில் வாங்கினேன். 90 நாள் கடனுக்கு நான் ஒப்புக்கொண்டேன். இரண்டு பில் தாமதமான பிறகும் மூன்றாவது லோடை நான் அனுப்பினேன். இதெல்லாம் தெரிந்தும் ஆட்களிடம் நான் பொய் சொன்னேன்.

இதில் ஓர் எச்சரிக்கை. எல்லா வரியையும் 'நான்' ஆக்க முடியாது, ஆக்கவும் கூடாது. கொரோனாவை நான் கொண்டுவரவில்லை. நோட்டு செல்லாது என்று நான் அறிவிக்கவில்லை. மாற்ற முடியாத வரிகளை அப்படியே விட்டுவிடுங்கள். தன் தலையிலேயே குட்டிக்கொண்டு உட்கார்வது பொறுப்பை ஏற்பது மாதிரி தெரியும், ஆனால் அதுவும் வேலையைத் தள்ளிப்போடும் ஒரு வழிதான். என் அனுபவத்தில் பத்து வரிக்கு மூன்றோ நான்கோ 'நான்' ஆகும். அந்த மூன்று நான்கில்தான் நாளைக்குச் செய்ய ஏதாவது கிடைக்கும்.

மூன்றாம் படி: கையிருப்பை நாளாக எண்ணுங்கள்

சுயபரிசோதனை பற்றிய வழிகாட்டியில் பணக்கணக்கு எதற்கு என்று தோன்றலாம். நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ள நோட்டில் இதைவிட வசதியான இடம் கிடையாது, அதனால்தான்.

கையிலும் பேங்கிலும் இருப்பதைக் கூட்டுங்கள். 'வரவேண்டியது' எதையும் சேர்க்காதீர்கள். வீட்டு நகையையும் சேர்க்காதீர்கள். அது உங்களுடையது இல்லை. தவிர்க்க முடியாத செலவை (சம்பளம், வாடகை, கரண்ட், வீட்டுச் செலவு, மருந்து) ஒரு நாளைக்கு என்று வகுத்துக்கொள்ளுங்கள். முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வருவதுதான் உங்கள் நாள். எனக்கு அன்று கையில் 3,60,000 ரூபாய், ஒரு நாள் செலவு 9,000 ரூபாய். 40 நாள். மார்ச் 25-லிருந்து எண்ணினால் மே 3. மூன்று லட்சத்து அறுபதாயிரம் என்று சொன்னால் தைரியமாகவும் இருக்கும், பயமாகவும் இருக்கும், மனநிலையைப் பொறுத்து. மே 3 என்றால் மே 3தான்.

அந்தத் தேதியைத் தள்ளிப்போடும் வழிகளை அடுத்து எழுதுங்கள். 2020 மார்ச் 27-ல் ரிசர்வ் வங்கி மே 31 வரை தவணையைத் தள்ளிவைக்க அனுமதித்தது. பிறகு ஆகஸ்ட் 31 வரை நீட்டித்தது. தவணைதான் தள்ளிப்போனது, வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. இது புரியாமல் பிறகு அதிர்ந்துபோனவர்கள் எங்கள் தெருவிலேயே உண்டு. மே மாதம் அறிவித்த அவசரக் கடன் திட்டத்தில், பிப்ரவரி 29 நிலவரப்படி இருந்த பாக்கியில் 20 சதவீதம் வரை ஈடு இல்லாமல் கிடைத்தது. நான் ஜூலையில் வாங்கினேன்.

இந்த மாதிரிச் சலுகை எதுவும் இல்லாத நெருக்கடியில் ஒரு எண்ணை மட்டும் மறக்காதீர்கள்: 90. டேர்ம் லோன் தவணை 90 நாளுக்கு மேல் நிலுவையில் நின்றால் அது வாராக்கடன். அதற்கு முன்பே 30, 60 என்று கட்டம் கட்டமாக எச்சரிக்கைக் கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் வருவார்கள். 25 கோடி வரை கடன் உள்ள சிறு தொழில்களுக்கு, கணக்கு கெட்டுப்போகும் முன்பே மறுசீரமைப்பு கேட்க 2016-லிருந்து ரிசர்வ் வங்கியின் நடைமுறை இருக்கிறது. எழுபதாம் நாள் போய் நின்றாலும் மேனேஜரால் ஏதாவது செய்ய முடியும். நூறாம் நாள் போனால் அவர் கையில் ஒன்றும் இருக்காது.

வரவேண்டிய பணத்துக்கும் சட்டம் உண்டு. உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) உள்ள குறு, சிறு தொழிலுக்கு வாங்குபவர் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாமாதம் கூட்டுவட்டி. 2006-ம் வருஷத்துச் சட்டம் இது. வருஷம் முழுக்க வேலை தரும் கம்பெனி மேல் மனுப்போட எத்தனை ஜாப் ஒர்க்காரருக்குத் துணிச்சல் வரும் என்பது தனிக் கதை. எனக்கு இதுவரை வந்ததில்லை.

நான்காம் படி: செய்யமாட்டேன் பட்டியல்

தலை தெளிவாக இருக்கும்போதே எழுதிவைக்க வேண்டிய பட்டியல் இது. முப்பதாம் நாள் எழுதினால் ஒவ்வொன்றுக்கும் 'ஆனால்' சேர்ந்துவிடும். என்னுடையதில் நான்கு வரிதான்:

மீட்டர் வட்டி, நாள் வட்டி வாங்கமாட்டேன்.
ஆட்கள் சம்பளத்தில் பிடித்த இ.எஸ்.ஐ. பணத்தை வேறு செலவுக்குத் தொடமாட்டேன்.
மனைவிக்குத் தெரியாமல் எதிலும் கையெழுத்துப் போடமாட்டேன்.
தெரியாததைத் தெரிந்த மாதிரி சொல்லமாட்டேன்.

கந்துவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் வாங்கப்போகும் நேரத்தில் சட்டமா ஞாபகம் வரும்? மே முதல் வாரம் ஒருவர் வந்து, வாசலில் வண்டியை நிறுத்தி, ரொம்பப் பாசமாக "எவ்வளவு வேணும் சொல்லுங்க தம்பி" என்றார். நோட்டில் என் கையெழுத்தில் இருந்த வரிதான் "வேண்டாங்கண்ணா" என்று சொல்லவைத்தது. உள்ளே மனசு வேறு சொல்லிக்கொண்டிருந்தது.

ஐந்தாம் படி: சொல்லும் வரிசை

முதலில் வீடு, பிறகு ஆட்கள், பிறகு பேங்க், கடைசியில் கஸ்டமர். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். வெளியாளிடம் பேசுவது சுலபம். அங்கே நாம் ஒரு வேஷத்தில் இருக்கிறோம்.

வீட்டில் சொல்வதற்கு நான் கண்ட வழி, வாயால் சொல்லாமல் நோட்டை நீட்டுவது. '40 நாள், மே 3' என்ற பக்கத்தைக் காட்டினேன். அவள் ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "பெரியவனோட டியூசன் பணம் இதுல இல்லையே" என்றாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. 2016-ல் ஆறு வாரம் நான் ஒளித்துவைத்தது இவ்வளவு சாதாரணமாக எதிர்கொள்ளக்கூடிய ஒன்று.

ஆட்களிடம் பேசும்போது நான்கு விஷயம் போதும்: எனக்குத் தெரிந்தது, எனக்குத் தெரியாதது, நான் எடுத்திருக்கும் முடிவு, அடுத்து எப்போது பேசுவேன். நான்காவதுதான் எல்லோரும் விட்டுவிடுவது. 'அடுத்த சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மறுபடியும் போன் பண்றேன்' என்று சொன்னால், அந்த ஒரு வாரம் அவர்கள் டீக்கடைச் செய்தியை நம்பாமல் இருக்க ஒரு காரணம் கிடைக்கிறது. டீக்கடையும் அப்போது மூடித்தான் இருந்தது. அந்த இடத்தில் வாட்ஸ்அப் குரூப் இருந்தது.

மார்ச் 25 காலை எங்கள் மூத்த டர்னரைத்தான் முதலில் கூப்பிட்டேன். நான் நீட்டி முழக்க ஆரம்பித்ததும் நடுவிலேயே நிறுத்தினார். "எத்தன வாரத்துக்குத் தாங்கும்ங்கண்ணா? அத மட்டும் சொல்லுங்க."

"நாலு வாரம் முழுச் சம்பளம் உண்டுங்க. அதுக்கப்பறம் எனக்கே தெரியல. அப்ப எல்லாரும் உக்காந்து பேசி முடிவு பண்ணலாம்."

"சரி, பாத்துக்கலாம்" என்று வைத்துவிட்டார். கையிருப்பு கிட்டத்தட்ட ஆறு வாரத்துக்கு இருந்தும் நான்கு என்று சொன்னது வேண்டுமென்றேதான். கையில் இருப்பதை எல்லாம் வாக்காகக் கொடுத்துவிட்டால், அவசரத்துக்கு ஒரு ஆளை ஆஸ்பத்திரியில் சேர்க்கக்கூட மிஞ்சாது. இதுவும் மறைப்பதுதானே என்று நீங்கள் கேட்கலாம். நானும் நோட்டில் அந்தக் கேள்வியை எழுதியிருக்கிறேன். பதில் எழுதவில்லை.

ஆறாம் படி: கண்ணுக்கு எட்டாத இடத்தில் யார் இருக்கிறார்கள்?

நெருக்கடித் தலைமை என்றால் அண்டார்டிகாவுக்குப் பயணம் போன ஷாக்கிள்டன் கதையைச் சொல்லாமல் எந்தப் பயிற்சி வகுப்பும் முடிவதில்லை. அவருடைய எண்டியூரன்ஸ் கப்பல் 1915 ஜனவரியில் அண்டார்டிகாப் பக்கம் பனியில் மாட்டி நொறுங்கி, நவம்பரில் மூழ்கியது. முணுமுணுக்கும் ஆட்களைத் தள்ளிவைக்காமல் தன் கூடாரத்திலேயே படுக்கவைத்துக்கொண்டார். சாமான்களை எல்லாம் குறைக்கச் சொன்னவர், ஒருவருடைய பாஞ்சோ வாத்தியத்தை மட்டும் எடுத்துவரச் சொன்னார். மனசுக்கு அது மருந்து என்றார். 1916 ஆகஸ்ட் 30-ல் கடைசி ஆள்வரை மீட்கப்பட்டார்கள். 28 பேரில் ஒருவரும் சாகவில்லை.

கதையை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். அதே பயணத்தின் இன்னொரு பாதி, அண்டார்டிகாவின் மறுபக்கம் ராஸ் கடல் ஓரத்தில் இருந்தது. ஷாக்கிள்டன் கண்டத்தைக் கடந்து வரும்போது தேவைப்படும் உணவை வழியில் சேர்த்துவைக்க அனுப்பப்பட்டவர்கள். அவர்களுடைய கப்பல் 1915 மே மாதம் புயலில் அறுத்துக்கொண்டு போனதில் பத்துப் பேர் கரையில் மாட்டிக்கொண்டார்கள். வரவே போவதில்லை என்ற ஆளுக்காக உணவைச் சுமந்துகொண்டுபோய் வைத்தார்கள். மூவர் இறந்தார்கள். மிஞ்சிய ஏழு பேரை 1917 ஜனவரியில்தான் மீட்க முடிந்தது. கூடாரத்தில் பக்கத்தில் படுத்தவர்களை ஷாக்கிள்டன் அருமையாகப் பார்த்துக்கொண்டார். பார்வைக்கு அப்பால் இருந்தவர்கள் பாடு வேறு.

இதை ஏன் இவ்வளவு நீளமாகச் சொல்கிறேன் என்றால், என் பட்டறையிலும் ஒரு ராஸ் கடல் இருந்தது. பதினொரு பேரில் மூன்று பேர் பீகாரிலிருந்து வந்த பையன்கள். பட்டறைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு ரூமில் இருந்தார்கள். எட்டுப் பேரிடமும் மார்ச் 25-ந் தேதியே பேசிவிட்டேன். இவர்களுக்கு, மூத்த டர்னர் சொல்லியிருப்பார் என்று விட்டுவிட்டேன். அவருக்கு இந்தி தெரியாது. நான்காம் நாள் மாஸ்க் கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தபோது கேஸ் தீர்ந்து, இரண்டு நாளாக பிஸ்கெட்டும் வாழைப்பழமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் ஒருவன் கேட்டது சம்பளம் பற்றி இல்லை. "சேட், காம் ஹை யா நஹி?" வேலை இருக்கிறதா இல்லையா என்று.

அன்றிரவு நோட்டில் 'தகவல் போகவில்லை' என்று எழுதினேன். பிறகு இரண்டாம் படி ஞாபகம் வந்து அடித்துவிட்டு, 'நான் சொல்லவில்லை' என்று எழுதினேன்.

உங்கள் ஆட்கள் எல்லோருடைய பெயரையும் ஒரு தாளில் எழுதி, ஒவ்வொருவரையும் கடைசியாக நேரில் பார்த்த தேதியைப் பக்கத்தில் போடுங்கள். எந்தத் தேதி பழையதோ அங்கே முதலில் போங்கள். இரவு வாட்ச்மேன், பில் போடப் பகுதி நேரம் வரும் பெண், வீட்டிலேயே இருக்கும் வயதான அப்பா ஆகியோரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஏழாம் படி: தினமும் பதினைந்து நிமிடம்

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு, படுப்பதற்கு முன். நான் கேட்டுக்கொண்ட கேள்விகள் மாறிக்கொண்டே இருந்தன; கடைசியில் நின்றவை மூன்று. இன்று எதைத் தள்ளிப்போட்டேன்? இன்று யார்மேல் எரிந்து விழுந்தேன், உண்மையில் அது யார்மேல் வந்த கோபம்? நேற்று நினைத்ததில் எது பொய் என்று தெரிந்தது?

இரண்டாவது கேள்விதான் அதிகம் வேலை செய்தது. ஏப்ரல் முழுக்க என் பெரியவன்மேல் கத்திய நாட்களைப் பார்த்தால், எல்லாமே கம்பெனிகளுக்குப் பணம் கேட்டுப் போன் செய்த நாட்கள். தெரிந்த பிறகு, பணம் கேட்கும் போன்களைக் காலையிலேயே முடித்துவிட்டு, மதியம் மொட்டைமாடியில் அரை மணி நேரம் நடந்துவிட்டுத்தான் கீழே வந்தேன். மகனிடம் மன்னிப்புக் கேட்டதும் நோட்டில் இருக்கிறது. "சரி விடுப்பா" என்றான், போனிலிருந்து தலையை எடுக்காமல்.

இரவில் எழுதலாம், முடிவெடுக்கக் கூடாது. திரும்ப எடுத்துக்கொள்ளக்கூடிய முடிவு என்றால் மறுநாள் காலையே செய்துவிடுங்கள், யோசித்துக்கொண்டே இருக்க வேண்டாம். மெஷினை விற்பது, ஆளை நிறுத்துவது, வீட்டுப் பத்திரத்தை வைப்பது போல ஒருமுறை செய்தால் திரும்பாத முடிவு என்றால் இரண்டு இரவு தாண்டட்டும். மே மாதம் ஒரு லேத்தைப் பாதி விலைக்குக் கேட்டு ஒருவர் வந்தபோது, இரவு பதினொரு மணிக்கு "சரி, எடுத்துக்கங்க" என்று மெசேஜ் டைப் செய்துவிட்டேன், அனுப்பவில்லை. இரண்டாம் நாள் காலையில் பார்த்தால், அந்த லேத் இல்லாமல் என்னால் எடுக்க முடிந்த ஒரே ஆர்டரையும் எடுக்க முடியாது.

தூக்கம், சாப்பாடு, சர்க்கரை மாத்திரை. இவற்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுத வேண்டியதில்லை. மூன்றில் எது தவறினாலும் மறுநாள் எழுதுவது எதையும் நம்பாதீர்கள், அவ்வளவுதான். தொடர்ந்து தூக்கம் வராமல், 'நான் இல்லாவிட்டால் எல்லோருக்கும் நல்லது' என்ற எண்ணம் வந்தால் நோட்டை மூடிவிட்டு உடனே 14416-ஐக் கூப்பிடுங்கள். டெலி மனஸ் என்ற அரசின் இலவச மனநல உதவி எண் அது, தமிழிலும் பேசலாம். 2020-ல் அது கிடையாது, 2022-ல்தான் வந்தது. கடன் நெருக்கடியில் இருப்பவர் ஒவ்வொருவர் போனிலும் அந்த எண் இருக்க வேண்டும்.

எட்டாம் படி: மறுத்துப் பேச ஒரு ஆள்

தனியாக யோசித்தால் ஒரே வட்டத்தில்தான் சுற்றுவோம். வாரம் ஒருமுறை நோட்டின் முதல் இரண்டு பத்திகளை வாசித்துக் காட்ட ஒருவர் வேண்டும். உங்களுக்குக் கடன் கொடுத்தவர், உங்களிடம் சம்பளம் வாங்குபவர், சொத்தில் பங்கு உள்ளவர் வேண்டாம். எனக்கு ரிட்டையரான ஐ.டி.ஐ. வாத்தியார் ஒருவர் கிடைத்தார். நான் எதைச் சொன்னாலும் "அதுக்கு ஆதாரம் என்ன?" என்பார். எரிச்சலாக இருக்கும். அதற்குத்தான் அவர்.

ஒன்பதாம் படி: நோட்டைத் திரும்பப் படிப்பது

நெருக்கடி நடந்துகொண்டிருக்கும்போது பழைய பக்கங்களைப் புரட்டாதீர்கள். மனசு இன்னும் கலங்கும். முடிந்து மூன்று மாதம் கழித்து ஒருமுறை, ஒரு வருஷம் கழித்து ஒருமுறை போதும். படிக்கும்போது, எடுத்த முடிவு நல்லதா கெட்டதா என்று மட்டும் பார்த்தால் பெரிதாக ஒன்றும் கிடைக்காது. நல்ல முடிவும் நேரம் சரியில்லாமல் கெட்டுப்போகும், கெட்ட முடிவும் அதிர்ஷ்டத்தில் தப்பிக்கும்.

நான் வேறொன்றை எண்ணுகிறேன். ஒவ்வொரு கெட்ட செய்திக்கும் இரண்டு தேதி: எனக்குத் தெரிந்த நாள், சம்பந்தப்பட்டவரிடம் சொன்ன நாள். நடுவில் எத்தனை நாள்? 2020-ல் மனைவிக்கு அன்றைக்கே. எட்டு ஆட்களுக்கு ஒரு நாள். பீகார் பையன்களுக்கு நான்கு நாள். பேங்குக்கு ஒன்பது நாள். சொந்த அண்ணனிடம் வாங்கிய கைமாத்தை ஜூனில் திருப்ப முடியாது என்று அவரிடம் சொல்ல 31 நாள். இந்த எண்களைப் பார்த்தாலே நான் யாரிடம் பயப்படுகிறேன் என்று தெரிந்துவிடுகிறது. பேங்க் மேனேஜரைவிட அண்ணனிடம் மூன்று மடங்குக்கு மேல்.

2016-க்கு நோட்டு இல்லை, ஆனாலும் அதையும் எழுதிப் பார்த்தேன். தெரிந்த நாள்: நவம்பர் 19. சொன்ன நாள் என்ற இடம் காலி. அவர்களாகத்தானே தெரிந்துகொண்டார்கள்.

2021 பிப்ரவரி 14, ஞாயிற்றுக்கிழமை, 2016-ல் விட்டுப்போன அந்த மூன்று டர்னர்களில் ஒருவர் சரவணம்பட்டியில் சொந்தமாக ஒற்றை லேத் போட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். நின்றுகொண்டே சொன்னேன், அன்றைக்குப் பேங்கில் பிரச்சினை இல்லை, ஆர்டரே இல்லை, நான் பொய் சொன்னேன் என்று. அவர் கையைத் துடைத்துக்கொண்டே, "அதெல்லாம் இப்ப எதுக்குங்கண்ணா" என்றார். டீ வரவழைத்தார். கிளம்பும்போது, ஷாஃப்ட் வேலை மிச்சம் இருந்தால் அனுப்பச் சொன்னார்.

வீட்டுக்கு வந்து காலியாக இருந்த இடத்தில் தேதியைப் போட்டேன். இடைவெளி: 1,548 நாள். இன்னும் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஒருவர் திருப்பூர்ப் பக்கம் இருப்பதாகச் சொல்கிறார்கள்.